கண்ணாடியில் கோடு... நைட்டு ரோட்டில் கேடு!

ராத்திரி பத்து மணி. ஊர்ப்பக்கம் ரெண்டு லேன் ரோடு. அப்பாவோட பழைய கார், ஸ்டியரிங் உங்க கையில். எதிரே ஒரு லாரி ஹை பீம் போட்டுக்கிட்டு வருது. அடுத்த நொடி முன் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையா கோடுகள்! சிலந்தி வலைக்குப் பின்னாடி உட்கார்ந்து வண்டி ஓட்டுற மாதிரி இருக்கும். மூணு செகண்ட்ல லாரி கடந்து போயிடும், சரிதான். ஆனா, 60 கிலோமீட்டர் வேகத்தில் மூணு செகண்ட்ன்னா 50 மீட்டர் தூரம். அந்த 50 மீட்டரில் லைட் இல்லாத சைக்கிளில் ஒரு பெரியவர் போய்க்கிட்டு இருந்தா?

'கண்ணாடியில ரெண்டு கோடுதானே பாஸ்... கார் ஓடுதுல்ல?' என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்த மேட்டர். பகலில் இந்தக் கோடுகள் கண்ணுக்கே தெரியாது. இருட்டில் ஒரே ஒரு பலமான வெளிச்சம் எதிரிலிருந்து வரும்போது, ஒவ்வொரு கோட்டின் ஓரமும் அந்த வெளிச்சத்தைச் சிதறடித்து நம் கண்ணுக்குள் அனுப்புகிறது. மழையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

சரி, கோடு போட்டது யார்? நாமதான்! அதுவும் சுத்தம் பண்றேன் பேர்வழி என்று.

ஃபர்ஸ்ட் இயரில் மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன மோஸ் அளவுகோலைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கோங்க. எது எதைக் கீறும் என்பதற்கான கணக்கு அது. நம்ம நகம் 2.5. கார் கண்ணாடி சுமார் 5.5. ரோட்டுப் புழுதியிலும் கடற்கரை மணலிலும் கலந்திருக்கும் குவார்ட்ஸ் 7. அதாவது, துணியோ வைப்பர் ரப்பரோ தன்னந்தனியாகக் கண்ணாடியைக் கீறவே முடியாது. அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மணல்தான் கீறுகிறது. காய்ந்த துணியால் புழுதிக் கண்ணாடியை 'பளபள'ன்னு துடைக்கிறோமே, அது துடைப்பது இல்லை தலைவா, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது!

ஈ.சி.ஆர் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு பீச்சில் ஆட்டம் போட்டுவிட்டு வருகிறோம். கண்ணாடியில் மெல்லிசாக மணல் படிந்திருக்கிறது. சோம்பேறித்தனமாக வைப்பரை ஒரு தட்டு... முடிஞ்சது கதை. வைப்பர் போன வழியிலேயே வானவில் மாதிரி வளைவாகக் கோடு விழும். வெயிலில் கிடந்து ரப்பர் கிழிந்து, உள்ளே இருக்கும் இரும்பு எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் இன்னும் மோசம். ஒரே மழையில் ஆழமான கோடு போட்டுவிடும்.

கதவுக் கண்ணாடியில் வேற மாதிரி. அங்கே கோடெல்லாம் மேலிருந்து கீழே நேராக இருக்கும். கண்ணாடி ஏறி இறங்கும் இடத்தில் இருக்கும் ரப்பர் பீடிங்கில் மணல் போய் உட்கார்ந்துகொள்கிறது. டோல்கேட், டீக்கடை, அட்ரஸ் விசாரிப்பு என்று ஒவ்வொரு தடவை இறக்கி ஏற்றும்போதும் ஒரு இழுப்பு. பீடிங்கை மாசத்துக்கு ஒருமுறை ஈரத்துணியை விரலில் சுற்றித் துடைத்தாலே போதும். ஆனா யாரும் செய்வதில்லை. காரணம், அங்கே அழுக்கு இருப்பதே யாருக்கும் தெரியாது.

2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டத் தடை போட்டது. அப்போது அவசர அவசரமாகக் காய்ந்த பிளேடு வைத்துச் சுரண்டிய வண்டிகள் இன்னமும் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் சுற்றிக்கொண்டு இருக்கின்றன. ஃபிலிமோ ஸ்டிக்கரோ உரிக்க வேண்டும் என்றால் சோப்புத் தண்ணியில் நன்றாக ஊறவைத்து, புது பிளேடைப் படுக்கவைத்து உரிக்கணும். பின் கண்ணாடியில் உள்பக்கம் பழுப்பு நிறக் கோடுகள் ஓடுதா? அது கீறல் இல்லை, பனியைப் போக்கும் சூட்டுக் கம்பி. அங்கே பிளேடே வேண்டாம்.

கோடு விழுந்தாச்சு... என்ன பண்ண?

முதலில் நக டெஸ்ட். கண்ணாடியைக் கழுவிக் காயவைத்துவிட்டு, கோட்டுக்குக் குறுக்கே நகத்தால் மெதுவாக இழுத்துப் பாருங்க. வழுக்கிக்கொண்டு போனால் பாலீஷில் போக வாய்ப்பு உண்டு. நகம் 'டக்'கென்று தடுக்கினால், அதை மறந்துடுங்க. இது ஏன் இவ்வளவு முக்கியம்? கீறலை எந்த மருந்தும் 'நிரப்பாது'. கோட்டின் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள கண்ணாடியையும் சேர்த்துத் தேய்த்து எடுப்பதுதான் பாலீஷ். ஆழமான கோட்டை விரட்டினால் அந்த இடத்தில் குழி விழும். குழி விழுந்த கண்ணாடி லென்ஸ் மாதிரி வேலை செய்து ரோட்டையே வளைத்துக் காட்டும். டிரைவர் கண்ணுக்கு நேராக அப்படி ஒரு குழி இருப்பதைவிட, கோடே இருந்துவிட்டுப் போகலாம்.

தேய்ப்பதற்கான பொருள் சீரியம் ஆக்ஸைடு. மூக்குக் கண்ணாடி லென்ஸ், டெலஸ்கோப் லென்ஸ் எல்லாம் பாலீஷ் போட உதவும் அதே பவுடர்தான். தண்ணீரோடு சேரும்போது கண்ணாடியின் மேல்தோலை வேதியியல் முறையில் இளக்கி, கூடவே தேய்த்தும் எடுக்கும். கெட்டி மோர் பதத்துக்குக் கரைத்து, ட்ரில்லிங் மெஷினில் கம்பளி ஃபெல்ட் பேட் மாட்டி, குறைந்த வேகத்தில், ஒரே இடத்தில் நிற்காமல், கோட்டைவிடக் கொஞ்சம் அகலமான பரப்பில் ஓட்டணும். கோடு எங்கே இருக்கிறது என்பது பாலீஷ் குழம்பில் மறைந்துபோகும். அதனால் முன்னாடியே கண்ணாடியின் உள்பக்கம் மார்க்கரால் வட்டம் போட்டு வைப்பது நல்லது. பவுடரைக் கரைக்கும்போது மூக்கில் மாஸ்க் அவசியம்.

தண்ணி காயவே கூடாது. அடிக்கடி புறங்கையை வைத்துப் பாருங்க, சுட்டால் ஸ்டாப்! இந்தச் சூடு விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முன் கண்ணாடி என்பது ரெண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய லேமினேட்டட் சாண்ட்விச். உடைந்தாலும் கொட்டாது. கதவுக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு. உடைந்தால் கற்கண்டு மாதிரி உதிரும். பார்க்க 'ஸ்ட்ராங்'காகத் தெரியும் முன் கண்ணாடிக்குத்தான் ஒரே இடத்தில் ஏறும் சூட்டைத் தாங்கும் சக்தி கம்மி. கோட்டை எடுக்கப் போய் விரிசலை வாங்கி வந்த கதை ஆகிவிடும். மொட்டை வெயிலில் நிறுத்திய வண்டியில் இந்த வேலையே வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், ஒரு சின்னக் கோட்டுக்கே பொறுமை எகிறிவிடும். கையால் தேய்த்து எடுக்கலாம் என்பவர்கள் மங்கலான கறையைத்தான் எடுக்க முடியும். டூத் பேஸ்ட்? பல்லுக்கு நல்லது! நெயில் பாலீஷ்? கோட்டில் கொஞ்ச நாள் ஒளிந்துகொண்டு, மஞ்சளாகிப் பல்லைக் காட்டும். கடைகளில் ஊசி மாதிரி ஒன்றை வைத்து ரெசின் ஏற்றுகிறார்களே, அது கல் பட்டுத் தெறித்த சில்லுக்கான வைத்தியம். வைப்பர் கோட்டுக்கு அது ஆகாது.

ஆழமான கோடு, அதுவும் டிரைவர் பார்வைக்கு நேராக என்றால் கண்ணாடியை மாற்றுவதுதான் வழி. இங்கே இன்ஷூரன்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. தேய்மானத்தில் விழுந்த கீறலுக்கு கிளெய்ம் கிடையாது. விபத்தில் உடைந்தால் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் உண்டு. மற்ற பார்ட்ஸ்களுக்குக் கழிப்பதுபோல் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். ஆனா, கிளெய்ம் போட்டால் 20%-ல் ஆரம்பித்து 50% வரை ஏறும் நோ கிளெய்ம் போனஸில் கை வைப்பார்கள். கணக்குப் போட்டுவிட்டு முடிவு பண்ணுங்க. தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தால் பர்ஸ்தான் கதி. முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த புது மாடல் என்றால், கண்ணாடி மாற்றிய பிறகு கேமராவையும் சரிபார்த்து செட் பண்ணணும். செலவு இன்னும் ஏறும்.

இத்தனை வம்புக்கும் மாற்று, ஒரு மக் தண்ணி. புழுதியை முதலில் தண்ணி ஊற்றி இறக்கிவிட்டு, அப்புறம்தான் துணியே கண்ணாடியைத் தொடணும். தரையில் விழுந்த துணியை அப்படியே எடுத்துத் துடைக்காதீங்க. அதில் ஒட்டிய ஒரு மணல் போதும். பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பருக்குக் கார் பக்கம் வேலை இல்லை. போர் தண்ணி காய்ந்த வெள்ளைப் புள்ளிகளைச் சுரண்டுவதற்குப் பதில், தண்ணி கலந்த வினிகரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் ஒட்டவைத்து எடுத்து, உடனே கழுவிவிடுங்க. பானட்டுக்குள் இருக்கும் வாஷர் டப்பாவில் எப்போதும் தண்ணி இருக்கட்டும். பீய்ச்சாமல் வைப்பர் போடக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறையாவது ரப்பரை மாற்றுங்க. மாற்றும்போது கண்ணாடி மேல் மடித்த துண்டு ஒன்றை விரித்து வைப்பது புத்திசாலித்தனம். பிளேடு இல்லாத இரும்புக் கை ஸ்பிரிங் வேகத்தில் 'பட்'டென்று அடித்தால், கோடு இல்லை, கண்ணாடியே காலி.

நாலு பேர் சேர்ந்து பழைய கார் வாங்கும் ஐடியாவில் இருக்கீங்களா? பகலில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. இருட்டின பிறகு போய் டிரைவர் சீட்டில் உட்காருங்க. ஒருத்தனை வண்டிக்கு முன்னாடி பத்தடி தள்ளி நிற்கவைத்து, செல்போன் டார்ச்சைக் கண்ணாடியில் அடிக்கச் சொல்லுங்க. வைப்பர் ஓடும் வளைவில் கோடுகள் மின்னினால், புதுக் கண்ணாடி என்ன விலை என்று அந்த மாடலுக்கு விசாரித்துவிட்டு, அந்தத் தொகையைக் குறைத்துப் பேரத்தை ஆரம்பிங்க!