வயலும் வட்டிலும்

நுழையும்முன்

காவிரிப் படுகையின் வாழ்வு நெல்லைச் சுற்றி அமைந்தது. அந்நெல்லை விளைவித்த உழைப்பும் அதனால் ஆன உணவும் நெடுங்காலம் ஒன்றையொன்று ஈடுசெய்து வந்தன. உழைப்பு குறைந்து, உணவின் அளவு மாறாது நின்றபோது உடல் எடை கூடியது. அதனைத் தொடரும் நோய்களும் பெருகின. எடையைக் குறைக்க வல்லது உணவுக் கட்டுப்பாடா, உடற்பயிற்சியா என்னும் வினாவுக்குத் தஞ்சை மண்ணில் நேர்ந்த மாற்றத்தின் வழியாக விடை தேடுகிறது இப்பாடப்பகுதி.

படுகையில் நேர்ந்த மாற்றம்

ஆண்டுதோறும் ஜூன் 12 ஆம் நாள் மேட்டூர் அணையைப் பாசனத்திற்குத் திறப்பது மரபு. அந்நீர் கல்லணையை அடைந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து வயல்களுக்குச் செல்கிறது. குறுவை, சம்பா, தாளடி என்னும் பருவங்கள் தொடங்குகின்றன. சில பத்தாண்டுகளுக்கு முன்வரை இப்பருவங்களின் ஒவ்வொரு படிநிலையும் மனித உடலின் உழைப்பையே நம்பியிருந்தது. சேற்றில் ஏரோட்டுதல், வரப்பை அண்டை வெட்டிச் சீராக்குதல், நாற்றுப் பறித்தல், நாற்றுமுடிகளைச் சுமத்தல், நாள் முழுவதும் குனிந்து நடுதல், களையெடுத்தல், கதிர் அறுத்தல், கட்டுகளைத் தலையில் சுமந்து களம் சேர்த்தல், கதிரடித்துத் தூற்றுதல் என அவ்வுழைப்பு நீண்டது. வீட்டிலும் உரலும் உலக்கையும், அம்மியும் ஆட்டுக்கல்லும் பெண்களின் ஆற்றலை வாங்கிக்கொண்டன. நெல்லைக் கையால் குத்திய காலத்தில் அரிசியில் தவிடும் ஓரளவு தங்கியது. குத்தியவரின் உடலும் உழைத்தது. நவீன அரிசி ஆலை அவ்விரண்டையும் ஒருசேர நீக்கிவிட்டது.

அவ்வுழைப்பைப் பொற்காலம் எனப் போற்றுதல் தகாது. அது பலருக்கு விரும்பி மேற்கொண்ட பயிற்சியன்று. வறுமையும் நிலவுடைமை முறையும் சுமத்திய கட்டாயமாகும். தஞ்சைப் பண்ணையாள்களைக் காக்க 1952 ஆம் ஆண்டு தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதே அதன் கடுமையைப் புலப்படுத்தும். உழைத்த உடலுக்கு வேண்டிய உணவு அன்று பலருக்குக் கிட்டவில்லை. உழுபொறியும் நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தமை முதுகெலும்புக்குக் கிடைத்த விடுதலையாகும். பொது வழங்கல் கடைகளில் 2011 ஆம் ஆண்டு முதல் விலையின்றி வழங்கப்படும் அரிசி பசிக்குக் கிடைத்த மருந்தாகும்.

ஆயினும், இவ்விரு நன்மைகளுக்கும் இடையே ஒரு சிக்கல் மறைந்திருந்தது. உழைப்பு வயலை விட்டு வெளியேறியது. வட்டிலில் சோற்றின் அளவு மட்டும் பழையபடியே நின்றது.

ஆற்றலின் வரவும் செலவும்

இச்சிக்கலை விளங்கிக்கொள்ள உடலின் ஆற்றல் கணக்கை அறிதல் வேண்டும். உணவு தரும் ஆற்றலைக் கிலோகலோரி என்னும் அலகால் அளப்பர். ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ ஏறத்தாழ 4 கிலோகலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரியும் தருகின்றன. சமைக்காத 100 கிராம் அரிசியில் சுமார் 350 கிலோகலோரி உள்ளது.

செலவு மூவகைப்படும். இதயத் துடிப்பு, மூச்சு, மூளையின் இயக்கம், உடல் வெப்பம் ஆகியவற்றைக் காக்கும் அடிப்படை வளர்சிதை மாற்றத்திற்கே பெரும்பங்கு செல்கிறது. உட்கார்ந்து பணிபுரிவோரிடம் இது மொத்தச் செலவில் 60 முதல் 70 விழுக்காடு வரை இருக்கும். உண்ட உணவைச் செரிக்க ஏறத்தாழ 10 விழுக்காடு ஆகிறது. எஞ்சியதே நடத்தல், சுமத்தல், விளையாடுதல் முதலிய இயக்கங்களுக்கு உரியது. வரவு செலவை விஞ்சுமாயின் மிகுதி கொழுப்பாகச் சேர்கிறது. செலவு வரவை விஞ்சுமாயின் சேமிப்பு கரைகிறது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020 இல் வெளியிட்ட பரிந்துரை, 65 கிலோகிராம் எடையுள்ள ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான ஆற்றலை வகுத்துக் காட்டுகிறது. உட்கார்ந்து பணிபுரிபவருக்கு 2,110 கிலோகலோரியும், மிதமாக உழைப்பவருக்கு 2,710 கிலோகலோரியும், கடுமையாக உழைப்பவருக்கு 3,470 கிலோகலோரியும் தேவை. 55 கிலோகிராம் எடையுள்ள பெண்ணுக்கு இத்தேவை முறையே 1,660, 2,130, 2,720 ஆகும்.

கடும் உழைப்பிலிருந்து உட்கார்ந்த பணிக்கு மாறும் ஆணின் தேவை 1,360 கிலோகலோரி குறைகிறது. அரிசியில் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 390 கிராம் ஆகும். ஏர்பிடித்தவரின் மகன் கடையிலோ அலுவலகத்திலோ அமர்ந்து, தந்தை உண்ட அளவே உண்பாராயின், நாள்தோறும் இத்துணை மிகுதி உடலில் சேரும். அவரிடம் பெருந்தீனிப் பழக்கம் இருக்க வேண்டியதில்லை. மாறாத பழக்கமே போதும்.

ஒரு மணி நேர நடையும் ஒரு பிடி அரிசியும்

எடை கூடிய ஒருவர் உணவை மாற்றாமல், நடைப்பயிற்சியை மட்டும் தொடங்குவதாகக் கொள்வோம். 60 கிலோகிராம் எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் விரைவில் ஒரு மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 200 கிலோகலோரி செலவாகும். 60 கிராம் அரிசி, அதாவது ஒரு பெரிய கைப்பிடி அரிசி, அந்த ஆற்றலைத் திருப்பித் தந்துவிடும். இரண்டு கரண்டி சர்க்கரையிட்ட காப்பியை நாளொன்றுக்கு நான்கு முறை அருந்துபவர் சர்க்கரையால் மட்டும் 160 கிலோகலோரி பெறுகிறார். முக்கால் மணி நேர நடை அதற்கே சரியாகிவிடுகிறது.

உடலில் ஒரு கிலோகிராம் கொழுப்பு குறையச் சுமார் 7,700 கிலோகலோரி பற்றாக்குறை தேவை. நாள்தோறும் ஒரு மணி நேர நடையால் மட்டும் இதனை எய்த ஏறத்தாழ 38 நாள்கள் ஆகும். அதுவும் நடையால் எழும் பசியை உணவால் ஈடுசெய்யாதிருந்தால்தான் இயலும். நடந்து களைத்தவர் அன்றைய எஞ்சிய பொழுதில் குறைவாக இயங்குவதும் உண்டு. மாறாக, அன்றாட உணவில் 90 கிராம் அரிசியையும் 20 கிராம் எண்ணெயையும் குறைப்பவர் ஏறத்தாழ 500 கிலோகலோரியைத் தவிர்க்கிறார். அதே இலக்கைப் பதினைந்து பதினாறு நாள்களில் நெருங்குகிறார். எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைவதால் இவ்விரைவு பின்னர்த் தணியும். எனினும், எடையைக் குறைக்கும் தொடக்க முயற்சியில் வட்டிலின் பங்கே பெரிது என்பது இக்கணக்கால் விளங்கும்.

சணல் ஆலை காட்டிய உண்மை

அவ்வாறாயின் உடல் இயக்கத்திற்கு மதிப்பில்லையா என்னும் ஐயம் எழும். இதற்கு விடை தரும் ஆய்வொன்று, தஞ்சையைப் போலவே சோறு உண்ணும் வங்காளத்தில் நிகழ்ந்தது. மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றில் பணியாற்றிய 213 பேரின் உணவையும் உழைப்பையும் எடையையும் ழான் மேயர் என்னும் ஊட்டச்சத்து அறிஞர் இந்திய ஆய்வாளர்களுடன் இணைந்து ஒப்பிட்டார். முடிவுகள் 1956 ஆம் ஆண்டு வெளியாயின. மூட்டை சுமப்போர் முதலிய கடும் உழைப்பாளர் மிகுதியாக உண்டனர். ஆனால், அவர்கள் எடை மிகாதிருந்தனர். உழைப்பு குறைந்த நிலைகளில் உணவும் அதற்கேற்பக் குறைந்தது. ஆனால், பெரும்பொழுது உட்கார்ந்தே இருந்தோரிடம் இவ்வொழுங்கு காணப்படவில்லை. அவர்கள் கடும் உழைப்பாளருக்கு நிகராக உண்டனர், எடையும் மிகுந்திருந்தனர்.

இயங்கும் உடலில் பசி தேவையோடு இசைந்து நிற்கிறது. இயக்கம் ஓர் எல்லைக்குக் கீழே போகும்போது பசி தன் அளவை இழக்கிறது என்பதை இவ்வாய்வு உணர்த்தியது. காவிரிப் படுகையில் பின்னாளில் நேர்ந்ததும் இதனை ஒத்ததே.

தமிழகம் முழுமைக்குமான புள்ளிவிவரங்களும் இதே திசையைக் காட்டுகின்றன. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2015–16 இல் தமிழகப் பெண்களில் நூற்றுக்கு 31 பேர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். 2019–21 இல் இது 40 ஆக உயர்ந்தது. ஆண்களிடம் 28 ஆக இருந்தது 37 ஆயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2023 இல் வெளியான ஆய்வு, நாட்டில் வளர்ந்தோருள் 11.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உள்ளதாகவும், தமிழகத்தில் இது 14.4 விழுக்காடு எனவும் தெரிவித்தது. இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பு நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் வழிவகுப்பதால், எடை என்பது தோற்றம் பற்றிய செய்தி மட்டுமன்று. உயிர் பற்றிய செய்தியாகும்.

உடற்பயிற்சியின் தனிப்பயன்

எடைப்பொறி காட்டாத நன்மைகளை உடற்பயிற்சி தருகிறது. இதற்குச் சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்ற இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு தக்க சான்றாகும். 2006 இல் வெளியான இவ்வாய்வில், நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேர் பங்கேற்றனர். அவர்களுள் ஒரு பிரிவினர் உணவை நெறிப்படுத்தி, நடை முதலிய இயக்கங்களைக் கூட்டினர். மூன்றாண்டுகளின் முடிவில், இயல்பான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவினரை நோக்க, இவர்கள் நீரிழிவுக்கு ஆளாகும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்திருந்தது. வியப்பிற்குரிய செய்தி யாதெனில், அவர்களின் சராசரி எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. எடை குறையாதபோதும் நன்மை விளைந்தது.

இதன் காரணம் தசையில் உள்ளது. இயங்கும் தசை இரத்தத்தில் உள்ள சர்க்கரையை ஈர்த்துப் பயன்படுத்துகிறது; இன்சுலினுக்கு நன்கு இணங்குகிறது. உணவை மட்டும் கடுமையாகக் குறைப்போர் கொழுப்போடு தசையையும் இழக்கின்றனர். தசை குறைந்தால் உடலின் அடிப்படைச் செலவும் தாழும்; பழைய எடை விரைவில் திரும்பும். உடற்பயிற்சி தசையைக் காக்கிறது.

குறைந்த எடையை நிலைநிறுத்துவதிலும் இயக்கத்தின் பங்கு பெரிது. அமெரிக்காவில் 1994 இல் தொடங்கப்பட்ட தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு, 13 கிலோகிராமுக்கு மேல் எடையைக் குறைத்து, ஓராண்டுக்கேனும் அந்நிலையைக் காத்தோரைப் பதிவுசெய்கிறது. அவர்களுள் பத்தில் ஒன்பது பேர் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்வதாகத் தெரிவித்துள்ளனர். உணவு எடையை இறக்குகிறது. இயக்கம் அது மீண்டும் ஏறாமல் காக்கிறது.

வட்டிலைச் சீர்செய்தல்

சோற்றைப் பகையாகக் கருத வேண்டியதில்லை. வட்டிலில் அது கொண்ட இடமே மாற வேண்டும். ஒரு நாளின் மொத்த ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டைக் கடவாதிருத்தல் நன்று எனத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அறிவுறுத்துகிறது. சோற்றுக்கு ஒரு துளிப் பொரியல் என்னும் வழக்கம் மாறி, கீரையும் காயும் வட்டிலின் பாதியைப் பெற வேண்டும். பருப்பு, பயறு, மோர், முட்டை, ஆற்றுமீன் ஆகியன புரதத்தைத் தந்து, பசியை நெடுநேரம் அடக்குகின்றன.

மரபு நெல்லைப் பற்றிய ஒரு தெளிவும் தேவை. திருத்துறைப்பூண்டிப் பகுதியைச் சேர்ந்த நெல் ஜெயராமன் 174 மரபு நெல்வகைகளை மீட்டெடுத்தார். மாப்பிள்ளைச் சம்பா போன்றவற்றைத் தவிடு நீக்காமல் உண்டால் நார்ச்சத்தும் உயிர்ச்சத்துகளும் கூடுதலாகக் கிடைக்கும். ஆயினும், அவை தரும் ஆற்றல் வெள்ளை அரிசி தருவதற்கு ஏறத்தாழ நிகரானது. மரபு அரிசி என்பதனால் அளவின்றி உண்ணின் எடை குறையாது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் இங்கு நினைவுகூரத்தக்கது. மருந்தைத் தலைப்பாகக் கொண்ட அதன் பத்துக் குறள்களுள் ஆறு, உண்ணும் முறையையும் அளவையும் பற்றியே பேசுகின்றன.

வளரிளம் பருவத்தினரின் வழி

வளர்ந்தோருக்கான கணக்கை வளரிளம் பருவத்தினர் அப்படியே பின்பற்றுதல் கூடாது. எலும்பும் தசையும் குருதியும் பெருகும் பருவம் இது. உணவைத் தவிர்த்தும் பட்டினி கிடந்தும் எடையைக் குறைக்க முயல்வது வளர்ச்சியைத் தடுக்கும். மாணவியரிடம் பரவலாக உள்ள குருதிச்சோகையை மிகுவிக்கும். முதல் வாரத்தில் விரைவாகக் குறையும் எடையில் பெரும்பகுதி நீரே என்பதால், ‘பத்து நாள்களில் பத்துக் கிலோ’ என்னும் விளம்பரங்களை நம்புதல் ஆகாது. எடை பற்றிய ஐயமுடையோர் மருத்துவரை நாடுவதே முறை. உடலைக் காட்டிப் பிறரைக் கேலி செய்வது எவருடைய எடையையும் குறைத்ததில்லை, உள்ளத்தையே புண்படுத்தும்.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலை இயக்க வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. மிதிவண்டியில் பள்ளி செல்லுதல், மாலையில் கபடி ஆடுதல், வரப்பில் விரைந்து நடத்தல் ஆகியன இதற்குப் போதும். இனிப்பூட்டிய பானங்களையும் பொரித்த தின்பண்டங்களையும் குறைத்தல் அதற்கு இணையான மற்றொரு கடமையாகும்.

உணவா, உடற்பயிற்சியா என்னும் வினா இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறது. படுகையின் வாழ்வோ அவற்றை ஒரே கணக்கின் இரு பக்கங்களாகக் காட்டுகிறது. அன்று வயல் செலவை வகுத்தது. வறுமை வரவை வகுத்தது. இன்று அவ்விரண்டையும் அறிவால் வகுத்துக்கொள்ளும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் கிடைத்துள்ளது. மடையைத் திறக்கவும் அடைக்கவும் அறிந்த உழவரே பயிரைக் காக்கிறார். உண்ணும் அளவையும் உழைக்கும் அளவையும் அறிந்தவரே உடலைக் காக்கிறார்.