பிள்ளையாரின் கண்ணில் ஒரு நஞ்சு

விநாயகர் சதுர்த்திக்குக் களிமண்ணில் பிடித்த பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிப்பது குண்டுமணியைத்தான். உடம்பெல்லாம் சிவப்பு, ஒரு முனையில் மட்டும் கறுப்பு. பல்லாங்குழியில் அதை வைத்து ஆடியிருக்கிறோம். ‘குண்டுமணித் தங்கம்கூட இல்லை’ என்று புலம்பியிருக்கிறோம். இப்படி வீட்டுக்குள் சர்வசாதாரணமாகப் புழங்கும் இந்த விதைக்குள் இருப்பது அப்ரின். தாவரங்கள் உண்டாக்கும் மிகக் கொடிய நஞ்சுகளில் அது ஒன்று.

குண்டுமணிக்குக் குன்றிமணி என்றும் பெயர். அது காய்க்கும் குன்றி, வேலிகளிலும் புதர்களிலும் ஏறிப் படரும் கொடி. இலை புளியிலையை ஒத்திருக்கும். பொழுது சாய்ந்தால் மடங்கிக்கொள்ளும். காய் வெடித்த பிறகும் விதைகள் உதிராமல், தோலில் ஒட்டியபடி பளிச்சென்று தெரியும். சதைப்பற்றுள்ள பழம் என்று பறவை ஏமாந்து விழுங்கட்டும் என்பதற்கே இந்த நிறம் என்று தாவரவியலாளர் பலர் கருதுகிறார்கள். பறவைக்குச் சாப்பாடும் கிடையாது, சாவும் கிடையாது. விதையின் ஓடு அவ்வளவு கெட்டி. முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும்.

குன்றிமணியின் கதை முழுவதும் அந்த ஓட்டில்தான் இருக்கிறது. தண்ணீர் எளிதில் புகாத ஓடு என்பதால் அடைமழையிலும் கோடையிலும் விதையின் எடை அதிகம் மாறாது. தட்டார்களுக்கு வேறென்ன வேண்டும்? ஒரே அளவாகப் பார்த்துப் பொறுக்கி, தராசில் எடைக்கல்லாக வைத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ராஜராஜன் கொடுத்த நகைகளின் எடையைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்றுதான் கணக்கிட்டுச் சொல்கின்றன. 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. வடக்கே இதே விதைக்குப் பெயர் ரத்தி. 96 ரத்தி சேர்ந்தால் ஒரு தோலா. இன்றைய கணக்கில் ஒரு ரத்தி சுமார் 0.12 கிராம். ராசிக்கல் விற்பவர்கள் இன்னமும் ரத்திக் கணக்குதான் பேசுகிறார்கள். (மஞ்சாடி வேறு. அது மரத்தில் காய்ப்பது, முழுச் சிவப்பு, கறுப்புப் பொட்டு இருக்காது.)

ஓடு உடைந்தால் கதை மாறுகிறது. அப்ரின் இரண்டு சங்கிலிகள் கோத்த ஒரு புரதம். ஒரு சங்கிலி நம் செல்லின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரை மூலக்கூறைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய வழி செய்யும். மற்றது உள்ளே போய், புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களை ஒவ்வொன்றாக முடக்கும். புரதம் இல்லாமல் செல் சாகும். கடும் வாந்தி, ரத்தப்போக்குடன் வயிற்றுப்போக்கு என்று வெளியே தெரியப் பல மணி நேரம், சில சமயம் ஓரிரு நாள்கூட ஆகலாம்.

இதே நஞ்சு மருத்துவத்துக்குப் பெரிய உதவியும் செய்தது. ஜெர்மனியின் பால் எர்லிக் 1891இல் எலிகளுக்கு அப்ரினைத் துளித்துளியாகக் கொடுத்து அளவைக் கூட்டிக்கொண்டே போனார். சாகடிக்கும் அளவையும் அவை தாங்கின. ஆனால் ஆமணக்கு நஞ்சுக்குப் பழகிய எலி அப்ரினைத் தாங்கவில்லை. நோய் எதிர்ப்பு என்பது எதிரியை அடையாளம் கண்டு தாக்குவது என்ற புரிதல் இத்தகைய சோதனைகளில்தான் வலுப்பெற்றது.

சித்த மருத்துவத்திலும் குன்றிக்கு இடமுண்டு. இலையும் வேரும் இனிப்பு. அதிமதுரத்துக்குப் பதிலாக வேரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், தொண்டைக் கட்டுக்கு இலையை மென்றிருக்கிறார்கள். விதையை மட்டும் சுத்தி செய்யாமல் தொடுவதில்லை. பாலில் வேகவைப்பது அதில் ஒரு முறை. அப்ரின் புரதம் என்பதால் சூட்டில் சிதையும். வேதியியல் பிறப்பதற்கு முன்பே அனுபவத்தில் கண்டுகொண்ட சங்கதி இது. அதற்காக யாரும் வீட்டில் முயல வேண்டாம். எவ்வளவு நஞ்சு மிச்சமிருக்கிறது என்று அடுப்படியில் அளக்க முடியாது.

குன்றியைச் சுற்றிய நம்பிக்கைகளில் எனக்குப் பிடித்தது ஐரோப்பாவில் முளைத்த ஒன்று. 1880களில் நோவாக் என்ற ஆஸ்திரியர், இந்த இலைகளின் அசைவை வைத்து மழையையும் நிலநடுக்கத்தையும் முன்கூட்டியே சொல்லலாம் என்று கிளம்பினார். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் சோதித்துப் பார்த்தார்கள். இலை வெளிச்சத்துக்குத்தான் அசைகிறது, பூமிக்கு அல்ல என்று முடிந்தது.

ஆபத்து இப்போது கைவினைக் கடைகளில் இருக்கிறது. துளையிட்டு மணிமாலையாகக் கோக்கும்போது அந்த ஓட்டின் காவல் போய்விடுகிறது. 2011இல் பிரிட்டனில் குன்றிமணிக் கைவளைகளை, வாங்கியவர்களிடமிருந்து திரும்பப் பெற வேண்டி வந்தது.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இத்தகைய மாலை வேண்டாம். பிள்ளையாரைக் கரைக்கும் முன் கண்களை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். குழந்தை ஒரு மணியை மென்றுவிட்டது என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்கவும் வேண்டாம். அப்ரினுக்கு மாற்றுமருந்து கிடையாது. மிச்சமுள்ள விதையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.