எச்.ஐ.வி.: 72 மணி நேரக் கெடுவும் சட்டத்தின் காப்பும்

எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், விடியட்டும், யோசிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அந்தக் கிருமி நம் செல்லுக்குள் செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் அவசரம் ஏன் என்பது புரியும்.

எச்.ஐ.வி. ஒரு ரெட்ரோவைரஸ், அதன் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. சி.டி.4 வெள்ளை அணுவுக்குள் நுழைந்ததும் அதை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்திலேயே இந்த வேலை முடிந்துவிடுகிறது என்றுதான் நெடுங்காலம் கருதினார்கள். 2020 முதல் வெளிவந்த ஆய்வுகள் வேறு விதமாகக் காட்டின: வைரஸின் புரத உறை பெரும்பாலும் உடையாமலே உட்கருவுக்குள் போகிறது, படியெடுப்பு அங்கேதான் நிறைவடைகிறது. அடுத்து அந்த டி.என்.ஏ. நம் குரோமோசோமோடு இணைந்துவிடுகிறது. இணைந்ததை முழுதாகப் பிரித்தெடுக்கும் மருந்து இன்னும் வரவில்லை. அதனால்தான் இணைவதற்கு முன்பே தடுக்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டியது

ஊசி குத்திவிட்டது, ஆணுறை கிழிந்துவிட்டது, பாலியல் வன்முறை நேர்ந்தது என்றால் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

தொற்று உறுதியானால்

இந்தியாவில் 2004 முதல் அரசு ஏ.ஆர்.டி. (வைரஸ் எதிர்ப்புச் சிகிச்சை) மையங்களில் கூட்டு மருந்து இலவசம். டெனோபோவிர், லாமிவுடின் இரண்டும் படியெடுப்பை முடக்கும். டோலுடெகிராவிர் குரோமோசோமில் இணைவதைத் தடுக்கும். மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையை நாள்தோறும் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவால் துணைக்குத் தொற்றாது. நிறுத்தினால், ஏற்கெனவே இணைந்து கிடக்கும் வைரஸ் மறுபடி பெருகும். தொடுவதாலோ, சேர்ந்து உண்பதாலோ, கொசுக்கடியாலோ எச்.ஐ.வி. பரவாது.

உங்கள் உரிமைகள்

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, கடந்த 10.9.2018 முதல் நடைமுறையில் இருக்கிறது.

- வேலை, பள்ளி, மருத்துவமனை, வாடகை வீடு எதிலும் பாகுபாடு காட்டக் கூடாது.
- பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் வேண்டும். வேலைக்கோ கல்விக்கோ சிகிச்சைக்கோ அதை நிபந்தனையாக்க முடியாது.
- சட்டம் விலக்களித்த சில சூழல்கள் தவிர, உங்கள் நிலையை அனுமதியின்றி வெளியிடக் கூடாது.

மீறினால்

100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களிலும், 20 பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவ நிலையங்களிலும் புகார் அலுவலர் இருக்க வேண்டும். பாகுபாடு காட்டினாலோ சிகிச்சை மறுத்தாலோ மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். 30 நாளுக்குள், மருத்துவ அவசரம் என்றால் இயன்றவரை 24 மணி நேரத்துக்குள், அவர் உத்தரவிட வேண்டும். அதை மதிக்காதவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரை கூடும்.

மருந்து இருந்தும் பலர் தாமதிப்பதற்குக் காரணம் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்கும் பொறுப்பு நோயாளியைச் சுற்றியுள்ள நம் எல்லோருக்கும் உண்டு. ஐயம் இருப்பவர்கள் கட்டணமில்லாத 1097 எண்ணை அழையுங்கள். அருகிலுள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.