உங்கள் பெயரில் என்ன கடன் இருக்கிறது? கிரெடிட் ஸ்கோர்: ஓர் எளிய விளக்கம்



"நான் வட்டிக்குக் கடன் வாங்குவதே இல்லை. எனக்கு எதற்கு கிரெடிட் ஸ்கோர்?" என்று நம் சகோதரர்கள் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வட்டியை அல்லாஹ் தடை செய்திருக்கிறான்; அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், நாம் கடன் வாங்கினோமா என்பது ஒரு கேள்வி. நம் பெயரில் கடன் பதிவாகி இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி.

மச்சானின் கடைக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், மகனின் கல்விக் கடன் பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்திட்ட தந்தை, ஆஸ்பத்திரிச் செலவுக்கு நகையை வங்கியில் அடகு வைத்தவர், செல்போனை "வட்டியில்லாத் தவணை" என்று வாங்கிய இளைஞர், மகளிர் குழுவில் கடன் எடுத்த சகோதரி என்று இவர்கள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கணக்கு எழுதப்பட்டுக் கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கை நம்மில் எத்தனை பேர் ஒரு முறையாவது பார்த்திருக்கிறோம்?

கிரெடிட் ஸ்கோர் என்றால் என்ன?

ஒருவர் வாங்கிய கடனை எப்படித் திருப்பிச் செலுத்தினார் என்ற வரலாற்றை வைத்துக் கணக்கிடப்படும் மதிப்பெண்தான் கிரெடிட் ஸ்கோர். இது 300 முதல் 900 வரை இருக்கும். எண் கூடக்கூட, "இவர் ஒழுங்காகக் கட்டுபவர்" என்று வங்கி எடுத்துக்கொள்ளும். 750-க்கு மேல் இருந்தால் நல்ல ஸ்கோர் என்பது பொதுவான கருத்து. ஆனால் எத்தனை இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வங்கியும் தானே முடிவு செய்கிறது.

நம் நாட்டில் இந்தப் பதிவுகளைப் பராமரிக்க 4 நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி அளித்துள்ளது. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகியவையே அவை. இவற்றில் சிபில் பழையது, 2000-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதனால்தான் மக்கள் எல்லா ஸ்கோரையும் "சிபில் ஸ்கோர்" என்றே சொல்கிறார்கள். 2005-ம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்களிடம் கடன் வாங்கியவர்களின் விவரங்களை இவற்றுக்கு அனுப்ப வேண்டும். முன்பு மாதம் ஒரு முறை அனுப்பினார்கள். 2025 ஜனவரி முதல் 15 நாட்களுக்கு ஒரு முறை அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றியது.

எதை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள்?

தவணையைக் குறித்த நாளில் கட்டினோமா என்பதுதான் இதில் முதன்மையானது. அடுத்து, கிரெடிட் கார்டில் அனுமதித்த தொகையில் எவ்வளவு பயன்படுத்துகிறோம், எத்தனை ஆண்டுகளாகக் கடன் கணக்கு உள்ளது, எந்த வகைக் கடன்கள் உள்ளன, குறுகிய காலத்தில் எத்தனை இடங்களில் கடனுக்கு விண்ணப்பித்தோம் என்பவற்றைப் பார்ப்பார்கள்.

நம் மதம், சம்பளம், சேமிப்புக் கணக்கில் உள்ள பணம், சொத்து ஆகியவை ஸ்கோர் கணக்கில் வருவதில்லை. லட்சக்கணக்கில் வங்கியில் வைத்திருப்பவருக்கும் ஸ்கோர் குறைவாக இருக்கலாம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதிப்பவருக்கு 800 இருக்கலாம். ஜமாஅத் பைத்துல்மாலில் வாங்கும் வட்டியில்லாக் கடனும், உறவினரிடம் வாங்கும் கைமாற்றும் இந்தப் பதிவில் ஏறாது. அவற்றை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை நினைவில் கொள்வோம்.

நமக்கு ஏன் இது தேவை?

முதலாவது, ஜாமீன். நம் சமுதாயத்தில் "ஒரு கையெழுத்துதானே" என்று உறவுக்காகப் போட்டுக் கொடுப்பது சாதாரணம். வங்கியைப் பொறுத்தவரை, கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் கட்ட வேண்டியவர் ஜாமீன்தாரர்தான். அந்தக் கடன் ஜாமீன்தாரரின் அறிக்கையிலும் இடம்பெறும். அவர் தவணை தவறினால் இவருடைய ஸ்கோரும் பாதிக்கப்படும். கடனோடு இறந்து, அதை அடைக்க எதையும் விட்டுச் செல்லாத ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனுக்குப் பொறுப்பேற்ற பிறகே தொழுவித்தார்கள். இது புகாரியில் இடம்பெற்றுள்ள செய்தி. ஜாமீன் எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இரண்டாவது, பிள்ளைகளின் எதிர்காலம். கல்விக் கடனில் படித்த மகனுக்கு வேலை கிடைக்கத் தாமதமாகித் தவணை நின்றால், மகன், தந்தை இருவரின் பதிவும் கெடும். வேலைவாய்ப்பிலும் இது குறுக்கே வரத் தொடங்கிவிட்டது. மோசமான கடன் வரலாற்றைக் காரணம் காட்டி ஒருவரின் பணி நியமனத்தைப் பாரத ஸ்டேட் வங்கி ரத்து செய்தது சரியே என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விண்ணப்பிக்கும் முன்பே கடன்களை அடைத்துவிட்டதாக அவர் வாதிட்டும் பயனில்லை. வங்கி வேலை குறித்த மார்க்கச் சட்டம் தனி விஷயம். கடன் பதிவு எவ்வளவு தூரம் நம்மைத் துரத்தும் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

மூன்றாவது, நம் ஆகிரத். ஹஜ்ஜுக்குப் புறப்படுவதற்கு முன் கடன்களைத் தீர்ப்பது நம் வழக்கம். இறந்தவரின் சொத்தைப் பங்கிடும் முன் அவருடைய கடனை அடைக்க வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12-வது வசனங்கள் சொல்லும் சட்டம். ஆனால் என்றோ வாங்கி மறந்த கிரெடிட் கார்டின் ஆண்டுக் கட்டணமும், பாதியில் நின்ற செல்போன் தவணையும் நம் நினைவில் இருக்குமா? வங்கி, நிதி நிறுவனக் கடன்களை ஒரே இடத்தில் காட்டும் பட்டியல் இந்த அறிக்கைதான். ஆண்டுக்கு ஒரு முறை அதைப் பிரதி எடுத்து, கைமாற்றுக் கடன்களையும் அதில் எழுதிச் சேர்த்து, வஸிய்யத்துடன் வைத்தால் பின்னால் குடும்பத்தார் தடுமாற மாட்டார்கள்.

பார்ப்பது எப்படி?

மேலே சொன்ன 4 நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை ஒருவருக்கு இலவசமாகத் தர வேண்டும். 2017 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி இதைக் கட்டாயமாக்கியுள்ளது. மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று முறை வைத்துப் பார்த்தால், ஆண்டு முழுவதும் பைசா செலவில்லாமல் கண்காணிக்கலாம்.

1. கூகுளில் வரும் விளம்பரங்களைத் தட்டாமல், சிபில் போன்ற நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்கு நேரடியாகச் செல்லுங்கள்.

2. இலவச ஆண்டு அறிக்கைக்கான பகுதியில் பெயர், பிறந்த தேதி, பான் எண், செல்போன் எண், மின்னஞ்சல் ஆகியவற்றைக் கொடுங்கள். பெயர் பான் கார்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

3. செல்போனுக்கு வரும் ஓடிபி எண்ணை அந்தத் தளத்தில் மட்டும் பதியுங்கள். தொலைபேசியில் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள்.

4. இடையில் பணம் கட்டும் திட்டங்களைக் காட்டுவார்கள். அவை தேவையில்லை, தவிர்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

5. அறிக்கையைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஸ்கோரை நாமே பார்ப்பதால் அது குறையாது. நாம் கடனுக்கு விண்ணப்பித்து, அதற்காக வங்கி பார்க்கும்போதுதான் அது "விசாரணை" என்று பதிவாகும். பல செல்போன் செயலிகளும் இலவசமாக ஸ்கோர் காட்டுகின்றன. ஆனால் அவற்றில் பலவற்றின் நோக்கம் நமக்குக் கடன் விற்பது. பார்த்த மறுநாளே "உங்களுக்கு 5 லட்சம் தயார்" என்று அழைப்பு வரும். நிறுவனத்தின் சொந்தத் தளமே பாதுகாப்பானது.

அறிக்கையில் எதைக் கவனிப்பது?

எண்ணை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். நான்கு இடங்களைப் பொறுமையாகப் படியுங்கள்.

பெயரும் முகவரியும்: நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது முஹம்மது என்ற ஒரே பெயருக்கே பல எழுத்துக்கோர்வைகள் வருகின்றன. ஆதாரில் ஒரு விதம், பானில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் வேறு விதம். ஒரே தெருவில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பதும் நம் ஊர்களில் சகஜம். இப்படிப்பட்ட நிலையில் வேறொருவர் கணக்கு நம் அறிக்கையில் கலந்துவிட வாய்ப்புண்டு. பான் எண்ணும் பிறந்த தேதியும் சரியா என்று பாருங்கள்.

கணக்குகள்: நீங்கள் வாங்காத கடன் ஏதாவது இருக்கிறதா? அடைத்து முடித்த கடன் இன்னும் நிலுவையில் காட்டுகிறதா?

கணக்கின் நிலை: "குளோஸ்டு" என்றால் முழுமையாக அடைத்தாகிவிட்டது. "செட்டில்டு" என்றால் பேரம் பேசிக் குறைவாகக் கட்டி முடித்தது. "ரிட்டன் ஆஃப்" என்றால் வராக்கடன் என்று வங்கி எழுதிவிட்டது. பின்னிரண்டும் ஸ்கோரைக் கெடுக்கும். "பாதி கட்டுங்கள், முடித்துத் தருகிறோம்" என்று வசூல் ஆட்கள் சொல்லும்போது இந்த வித்தியாசத்தை அவர்கள் சொல்வதில்லை. எந்தக் கடனை அடைத்தாலும் "நிலுவை இல்லை" என்ற சான்றிதழை எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

விசாரணைகள்: நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனம் உங்கள் அறிக்கையைப் பார்த்திருந்தால், உங்கள் பான் எண்ணை யாரோ பயன்படுத்த முயன்றிருக்கலாம்.

பெண்களின் பெயரிலும் பார்க்க மறக்காதீர்கள். குழுக்கடனை வேறொருவருக்காகத் தன் பெயரில் எடுத்துக் கொடுத்த சகோதரிகள் உண்டு. வாங்கிப் பயன்படுத்தியவர் கட்டாவிட்டால் கறை படிவது கையெழுத்திட்டவர் பெயரில்தான்.

தவறு இருந்தால் என்ன செய்வது?

அறிக்கை தந்த நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாகப் புகார் பதியலாம். கடன் கொடுத்த வங்கி உறுதி செய்தால்தான் அந்த நிறுவனம் பதிவைத் திருத்தும். எனவே வங்கிக்கும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அப்படியும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரங்களுக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம். உங்கள் பெயரில் மோசடியாகக் கடன் எடுக்கப்பட்டிருந்தால், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் உடனே தெரிவியுங்கள்.

பணம் கொடுத்தால் ஸ்கோரை ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் ஏஜெண்டுகளை நம்ப வேண்டாம். உண்மையான பதிவை எவராலும் அழித்துத் தர முடியாது. தவறான பதிவைத் திருத்த எவருக்கும் காசு கொடுக்க வேண்டியதும் இல்லை.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு

ஐக்கிய அரபு அமீரகத்தில் அல் இத்திஹாத் கிரெடிட் பீரோவும், சவூதியில் சிமாவும் இதே பணியைச் செய்கின்றன. வேலையை விட்டு ஊர் திரும்பும் முன் அங்குள்ள அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கார்டை வெட்டிப் போட்டால் கணக்கு முடியாது. பாக்கியைக் கட்டி, கணக்கை மூடி, சான்றிதழ் வாங்கினால்தான் முடியும். "நாடு விட்டுப் போய்விட்டால் யார் கேட்பார்கள்?" என்ற எண்ணம் வேண்டாம். கேட்பவன் ஒருவன் இருக்கிறான்.

ஸ்கோருக்காகக் கடன் வாங்கலாமா?

"கடனே வாங்காதவருக்கு ஸ்கோர் வராது, அதற்காகவே ஒரு கார்டு எடுங்கள்" என்று ஆலோசனை சொல்கிறார்கள். கடன் வரலாறு இல்லாதவரின் அறிக்கையில் "வரலாறு இல்லை" என்றுதான் வரும். அது கெட்ட ஸ்கோர் அல்ல. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் முதல் முறை விண்ணப்பிப்பவரை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025-ல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. ஆகவே ஓர் எண்ணுக்காக வட்டியின் வாசலை மிதிக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. தவணைத் திட்டங்கள் குறித்துச் சந்தேகம் இருந்தால், கையெழுத்திடும் முன் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஏற்கனவே கடனில் இருப்பவர்கள் முதலில் அதை அடைக்கும் வழியைப் பார்க்கட்டும். வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். உண்மையிலேயே சிரமப்படுபவர்களுக்குக் கைகொடுப்பது பைத்துல்மாலின் கடமை. ஜமாஅத்துகள் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, விவரம் தெரிந்த இளைஞர்களைக் கொண்டு முதியவர்களுக்கு இந்த அறிக்கையை எடுத்துக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இந்த வாரம் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தங்கள் அறிக்கையை ஒரு முறை பார்த்துவிடுங்கள். கடன் இல்லாத வாழ்வையும், கடன் இல்லாத மரணத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.