பட்டே பணமாக இருந்த பாதை

பட்டுச் சாலை என்றதும் எல்லாருக்கும் ஒரே படம்தான் மனத்தில் வரும். மணல்மேடு, ஒட்டக வரிசை, சீனாவில் கட்டிய மூட்டையை ரோம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற தலைப்பாகை வியாபாரி. எனக்கு அந்த வியாபாரிமேல் எப்போதும் சந்தேகம் உண்டு. காஞ்சிபுரத்தில் அப்பா விட்டுப்போன பட்டுநூல் கடையை நடத்தியவள் நான். கர்நாடகத்தின் ராமநகரச் சந்தையில் கூடு வாங்கி நூல் எடுப்பவர் ஒருவர், முறுக்கேற்றுபவர் இன்னொருவர், சாயம் போடுபவர் வேறொருவர். சரிகை சூரத்திலிருந்து தனி வழியில் வரும். தறிக்கு வந்து சேர்வதற்குள் சரக்கு ஐந்தாறு கை மாறிவிடும். ஒவ்வொருவரும் தமக்குப் பழகிய தூரம்வரைதான் போவார்கள். கர்நாடகத்துக்கும் காஞ்சிக்கும் நடுவிலேயே இப்படி என்றால், பாலைவனத்தைத் தாண்டி ஒரே ஆள் எப்படி ரோமுக்குப் போயிருப்பான்? எந்த வியாபாரி அத்தனை காலம் முதலை முடக்கிப்போடுவான்?

கடையை மகளிடம் ஒப்படைத்த பிறகு அந்தக் கேள்வியோடுதான் சீனாவைக் குறுக்கே கடந்தேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் துணைக்கு வந்தான். அவனுக்குச் சீன மொழி ஓரளவு வரும். பெய்ஜிங், சியான், லான்சோ, ஜாங்யே, ஜியாயுகுவான், துன்ஹுவாங், துர்பான், கடைசியில் காஷ்கர். ஏறக்குறைய 5,000 கி.மீ. “சித்தி, ஃப்ளைட்டில் போனால் பாதி நாள் மிச்சமாகுமே” என்றான். ரயிலில்தான் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். இந்தப் பாதையில் ஊர்களைப் பார்ப்பது பாதிதான். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் எவ்வளவு வெறுமை இருக்கிறது என்று பார்ப்பது மீதிப் பாதி.

தலைநகரங்கள் இரண்டு

பெய்ஜிங்கில் எல்லாரும் பார்ப்பதை நாங்களும் பார்த்தோம். 1420இல் கட்டி முடித்த அரண்மனை நகரம், முதியான்யு அருகே பெருஞ்சுவர். இரண்டும் பிரமாண்டம்தான். ஆனால் பட்டுப் பாதை கொழித்த நூற்றாண்டுகளில் தலைநகரம் இதுவல்ல. அன்றைய தலைநகரைப் பார்க்க அதிவேக ரயிலில் 1,200 கி.மீ. தென்மேற்கே போக வேண்டும். ஐந்து மணி நேரம் ஆகிறது.

சியானின் பழைய பெயர் சாங்ஆன். 1974இல் கிணறு வெட்டிய விவசாயிகள் கையில் அகப்பட்ட சுடுமண் படையைப் பார்க்கத்தான் உலகமே அங்கே வருகிறது. நான் வந்தது கி.மு. 138இல் இந்த ஊரிலிருந்து மேற்கே புறப்பட்ட ஒரு மனிதருக்காக. ஹான் பேரரசர் வூ அனுப்பிய தூதர் அவர். பெயர் ஜாங் கியான். வடக்கே தொல்லை கொடுத்துக்கொண்டிருந்த ஷியோங்னு மக்களை எதிர்க்க யூவேஜி என்ற கூட்டத்தாரைக் கூட்டுச் சேர்ப்பதே அவருக்கு இட்ட வேலை. வழியிலேயே ஷியோங்னுவிடம் பிடிபட்டார். பத்தாண்டு போலச் சிறைவாசம். அங்கேயே கல்யாணமும் ஆயிற்று. தப்பிப் போய் யூவேஜியைக் கண்டுபிடித்தால், அவர்களுக்குச் சண்டையில் விருப்பமில்லை. கி.மு. 126இல் அவர் சாங்ஆன் திரும்பியபோது, கூடப் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒரே ஒருவர்தான் பக்கத்தில் இருந்தார். தூது தோற்றது. ஆனால் மேற்கே என்னென்ன நாடுகள், எங்கே நல்ல குதிரை, எந்தச் சந்தையில் என்ன சரக்கு என்ற விவரம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. பாதையைத் திறந்தது வியாபாரியின் ஆசை இல்லை, அரசின் எல்லைக் கவலை. இது மனத்தில் பதிந்துவிட்டால் மேற்கொண்டு பார்ப்பதெல்லாம் புரியத் தொடங்கும்.

சியானில் 652இல் எழுப்பிய பெருங்காட்டு வாத்துக் கோபுரம் இருக்கிறது. யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த 657 நூல்களைக் காப்பதற்காகக் கட்டியது. நம் பள்ளிப் பாடத்தில் வருகிற அதே யுவான் சுவாங்தான். 640 வாக்கில் அவர் காஞ்சிபுரத்துக்கு வந்தார். நாலந்தாவின் பேராசான் தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்றும் எழுதிவைத்தார். இலங்கைக்குக் கப்பலேற நினைத்தவர், அங்கே குழப்பம் என்று கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டார். எங்கள் ஊர்த் தெருவில் நடந்தவரின் சிலை இங்கே கோபுரத்தின் முன் நிற்கிறது. வழிகாட்டிப் பெண்ணிடம் “நான் காஞ்சிபுரம்” என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். விளங்கியதா என்று தெரியவில்லை.

மலைக்கும் மணலுக்கும் நடுவே

லான்சோவில் மஞ்சள் ஆறு ஊருக்குள்ளேயே ஓடுகிறது. கையால் இழுத்து இழுத்து மாவை நூலாக்கும் நூடுல்ஸுக்குப் பேர்போன ஊர். நூல் இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த வேகம் ஆச்சரியம்தான். ஆனால் சூப் மாட்டிறைச்சியில் செய்வது. எனக்குத் தக்காளியும் முட்டையும் போட்ட நூடுல்ஸ் கிடைத்தது. அசைவம் தொடாதவர்கள் அந்த வழியில் “நான்” ரொட்டி, பழம், கொட்டை வகைகளை நம்பிப் போகலாம்.

இங்கிருந்து மேற்கே சுமார் 1,000 கி.மீ. நீளத்துக்கு ஒரு இடுக்கு. ஹெஷி தாழ்வாரம் என்கிறார்கள். தெற்கே பனி மூடிய சீலியான் மலை. வடக்கே கோபிப் பாலை. மலையில் உருகும் பனி சின்னச் சின்ன ஆறாக இறங்கி, கொஞ்ச தூரம் ஓடி, மணலில் மறைந்துவிடும். ஆறு இறங்கும் இடத்தில் ஊர். இறங்காத இடத்தில் ஒன்றுமில்லை. ரயில் ஜன்னலில் அப்படியே தெரிகிறது: பாப்ளர் மரம், சோளக்கொல்லை, வீடுகள், சட்டென்று சாம்பல்நிறக் கூழாங்கல் வெளி, அரை மணி, முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி பச்சை. ஒட்டகக் கூட்டம் ஒரு நாளில் 30, 40 கி.மீ. போகும். ரயிலின் அரை மணி அவர்களுக்குச் சில பகல்கள். விமானத்தில் வந்திருந்தால் இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்தே இருக்காது.

ஹான் பேரரசர் வூ இந்த இடுக்கில் வூவெய், ஜாங்யே, ஜியூசுவான், துன்ஹுவாங் என்று நான்கு படைத்தளங்களை நிறுவினார். நான்கும் இன்று ரயில் நிற்கும் ஊர்கள். ஜாங்யேயில் 1098இல் எழுந்த கோயிலில் சுமார் 35 மீட்டர் நீளப் புத்தர் படுத்திருக்கிறார். மார்க்கோ போலோ இந்த ஊரில் ஓராண்டு தங்கியதாகச் சொல்லியிருக்கிறார். ஊருக்கு வெளியே சிவப்பும் மஞ்சளுமாக வரி வரியான மலைகளைப் பார்க்கத்தான் இப்போது கூட்டம். ஜியாயுகுவானில் 1372இல் மிங் அரசு கட்டிய கோட்டை. மிங் காலப் பெருஞ்சுவரின் மேற்குக் கோடி.

துன்ஹுவாங்

பயணத்தில் ஒரே ஓரிடம்தான் என்றால் துன்ஹுவாங்தான் என்பேன். ஊருக்கு வெளியே ஒரு பாறைச் சரிவில் 366 தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்குக் குகைகளாகக் குடைந்திருக்கிறார்கள். மோகாவ் குகைகள் என்று பெயர். ஓவியமும் சிலையும் உள்ள குகைகள் 492. சுவரோவியம் மட்டும் 45,000 சதுர மீட்டர். எல்லாவற்றையும் காட்டமாட்டார்கள். முன்பதிவு செய்த சீட்டில் முதலில் திரைப்படம், பிறகு குழுவாக எட்டுக் குகைகள் போல. உள்ளே விளக்கு கிடையாது. வழிகாட்டியின் டார்ச் வெளிச்சம் போகும் இடத்துக்குக் கண் போகும். படம் எடுக்கத் தடை. மூச்சுக் காற்றின் ஈரமே ஓவியத்தைக் கெடுக்கும் என்பதால் ஒவ்வொரு குகையிலும் சில நிமிடங்கள்தான்.

வாங் யுவான்லு என்ற தாவோ துறவி 1900இல் ஒரு குகையின் சுவருக்குப் பின்னே அடைத்துவைத்த அறையைக் கண்டுபிடித்தார். உள்ளே பல்லாயிரம் ஏடுகள். 1907இல் வந்த தொல்லியல் ஆய்வாளர் ஆரல் ஸ்டைன் 130 பவுண்டு கொடுத்து வண்டி வண்டியாக எடுத்துப்போனார். அடுத்த ஆண்டு பிரான்சின் பெல்லியோ. ஆண்டு குறித்த அச்சு நூல்களில் உலகிலேயே பழையதான, 868ஆம் ஆண்டு வஜ்ரச் சூத்திரம், இப்படித்தான் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது.

என் கேள்விக்குப் பதில் அந்த அறையில் இல்லை. அதே 1907இல், துன்ஹுவாங்குக்கு மேற்கே ஒரு காவல்கோபுரத்தின் குப்பையில் ஸ்டைன் எடுத்த கடிதங்களில் இருந்தது. 313ஐ ஒட்டி எழுதியவை. எழுதியவர்கள் சோக்தியர், இன்றைய உஸ்பெகிஸ்தானின் சமர்கந்துப் பக்கத்து வணிகச் சமூகம். அவற்றில் இரண்டு, மிவ்னாய் என்ற பெண் எழுதியவை. துன்ஹுவாங்கில் அவளையும் மகளையும் விட்டுவிட்டுக் கணவன் போய்விட்டான். மூன்று ஆண்டாகக் காத்திருக்கிறாள், கூட்டிக்கொண்டு போக ஆளில்லை, வழிச்செலவுக்குப் பணமில்லை. கோயில் பூசாரி கொடுப்பதில் பிழைப்பு. உனக்கு மனைவியாக இருப்பதற்கு நாய்க்கோ பன்றிக்கோ வாழ்க்கைப்பட்டிருக்கலாம் என்ற கோபத்தை அவள் மறைக்கவில்லை. மகள் அடியில் ஒரு வரி சேர்க்கிறாள்: ஒருவன் கடன் வைத்துவிட்டு ஓடிவிட்டான், அந்தக் கடனுக்காக நானும் அம்மாவும் சீனர் வீட்டில் வேலைக்காரிகளானோம். கடைத்தெருவில் வளர்ந்தவளுக்கு இந்தக் கதையில் புதிதாக ஒன்றும் இல்லை. அந்தக் கடிதங்கள் போய்ச் சேரவே இல்லை. ஆளும் கடிதமும் நடுவழியில் நின்றுபோகிற பாதையில் ஒரே ஆள் மூட்டையோடு ரோம் வரை போயிருப்பான் என்பதை இனி நான் நம்பப்போவதில்லை.

வீரன் சம்பளம்

அப்படியானால் இத்தனை பட்டு மேற்கே போனது எப்படி? பெரும்பகுதி சம்பளமாகப் போனது. தாங் அரசு (618–907) இந்த எல்லைத் தளங்களில் இருந்த படைவீரர்களுக்குத் தானியம், காசு, பட்டுச் சுருள் மூன்றிலும் கூலி கொடுத்தது. காசு கனம், தொலைதூரம் சுமக்க முடியாது, தானியம் கெட்டுப்போகும். பட்டு இலேசு, நெடுநாள் தாங்கும். சட்டப்படி ஒரு சுருளின் அகலம் சுமார் 56 செ.மீ., நீளம் 12 மீட்டர். பெருக்கிப் பார்த்தேன்: ஒரு காஞ்சிப் புடவைக்குப் போகும் துணியின் அளவு, ஏறக்குறைய அச்சாக. சம்பளத்தைப் புடவையாக வாங்கிய வீரன், அதைக் கொடுத்து அரிசியோ ஆட்டிறைச்சியோ வாங்கியிருப்பான். அந்தப் பட்டைக் கடைக்காரனிடமிருந்து அடுத்த ஊர் சோக்தியர் வாங்கியிருப்பார்.

சோக்தியர் இப்படிச் சந்தையில் வாங்கி விற்றதற்குத் துர்பானில் எழுத்துச் சான்றே இருக்கிறது. கடல்மட்டத்துக்கு 154 மீட்டர் கீழே வரை இறங்கும் பள்ளம் அது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். மழை மிக அரிது. தியான்ஷான் பனிநீரைத் தரைக்கு அடியில் சரிவாகக் குடைந்த கால்வாய்களில் கொண்டுவருகிறார்கள். கரேஸ் என்று பெயர். வெயிலில் ஆவியாகாமல் தண்ணீர் திராட்சைத் தோட்டம்வரை வந்து சேரும். நாங்கள் போனது திராட்சை அறுவடை சமயம். துளை விட்டுக் கட்டிய செங்கல் அறைகளில் கொத்துக்கொத்தாகத் தொங்கி, காற்றிலேயே உலர்ந்துகொண்டிருந்தது.

அந்த வறட்சிதான் காகிதத்தையும் காப்பாற்றியது. பழைய அலுவலகத் தாளை வெட்டி, இறந்தவர்களுக்குச் செருப்பும் இடைவாரும் செய்து புதைத்தது அந்த ஊர் வழக்கம். அஸ்தானா கல்லறைகளில் கிடைத்த அந்தச் செருப்புகளைப் பிரித்து ஒட்டினால் கடன் பத்திரம், வழக்கு, வரிக்கணக்கு. 600ஐ ஒட்டிய ஒரு கணக்கு, சந்தைத் தராசில் நிறுத்த சரக்குக்கு வாங்கிய வரி. பொன், வெள்ளி, வாசனைப்பொருள், நவச்சாரம், கூடவே பட்டுநூல். விற்றவர், வாங்கியவர் பெயர்களில் பெரும்பாலானவை சோக்தியப் பெயர்கள். பக்கத்துப் பக்கத்துச் சந்தைகளுக்குப் போய்வந்த ஆட்கள். சாலை முழுவதையும் நடந்த வியாபாரி அரிது, சரக்குதான் நடந்தது.

755இல் அன் லுஷான் என்ற தளபதி கலகம் செய்தான். எல்லைப் படையைக் கிழக்கே திருப்பி அழைத்தது அரசு. பட்டும் காசும் வருவது நின்றது. பிற்கால துன்ஹுவாங் ஆவணங்களில் மக்கள் தானியத்தையும் துணியையும் கொடுத்துப் பண்டம் மாற்றுகிறார்கள். பாலைவனமும் ஒட்டகமும் ஆறும் அங்கேயே இருந்தன. சம்பளம் இல்லாததால் சந்தை மெலிந்தது.

காஷ்கர்

துர்பானிலிருந்து காஷ்கருக்குத் தெற்கு ரயில் பாதை, சுமார் 1,450 கி.மீ. அரசாங்கக் கடிகாரம் பெய்ஜிங் நேரம். உள்ளூர் வீகர் மக்கள் மனக்கணக்கில் இரண்டு மணி நேரம் பின்னால். சந்திப்பு நேரம் கேட்டால் எந்த நேரம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். 1442இல் தொடங்கிய ஈத்கா மசூதி, மண்வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டிய பழைய நகரம், ஊருக்கு வெளியே கால்நடைச் சந்தை எல்லாம் பார்க்கத் தகுந்தவை. ஆனால் சுற்றுலா விளம்பரம் சொல்லாததையும் சொல்லியாக வேண்டும். காஷ்கர் இருக்கும் ஷின்ஜியாங் பகுதியில் வீகர்களையும் பிற முஸ்லிம்களையும் அடைத்துவைத்த விதம் மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாக இருக்கலாம் என்று 2022இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அறிக்கை வெளியிட்டது. சீனா மறுக்கிறது. எங்களை யாரும் தடுக்கவில்லை. யாரும் மனம்விட்டுப் பேசவும் இல்லை. உள்ளூர்க்காரர்களிடம் அரசியல் கேட்காதீர்கள். பதில் சொன்னால் அபாயம் உங்களுக்கு இல்லை, அவர்களுக்கு.

போக நினைப்பவர்களுக்கு

மே, செப்டம்பர் மாதங்கள் நல்லவை. ரயில் சீட்டும் மோகாவ் குகைச் சீட்டும் பாஸ்போர்ட் எண்ணோடு முன்கூட்டியே எடுங்கள். கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்கே வழக்கம்போல் வேலை செய்யாது. பழக்கடையில்கூட ஃபோனில்தான் பணம் வாங்குகிறார்கள். ஊரில் இருக்கும்போதே அலிபே என்ற செயலியில் நம் அட்டையை இணைத்துக்கொள்வது நல்லது. நாள் குறைவாக இருந்தால் பெய்ஜிங்கை விட்டுவிடுங்கள். சியானில் தொடங்கி துன்ஹுவாங்கில் முடியுங்கள். முழுக்க ரயிலிலும் சாலையிலும். அந்த ஒரு இடுக்கைத் தரைவழியே கடந்தவர்களுக்கு, இந்தப் பாதைக்கு முதல் போட்டது அரசு, அதை ஓட்டியது பக்கத்து ஊர்ச் சந்தைவரை மட்டும் போய்வந்த சில்லறை வியாபாரி என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது.