கம்பெனி கணக்கு படிக்கத் தெரியுமா? நிருபர்களுக்கு இலவசமாக சொல்லித் தருகிறார்கள்!

கடலூர்:

கொலை, கொள்ளை, விபத்து என்றால் நம்ம ஊர் நிருபர் மோட்டார் சைக்கிளில் பறந்து விடுவார். "கம்பெனியின் ஆண்டு அறிக்கை வந்திருக்கிறது. பார்த்து ஒரு செய்தி எழுதப்பா" என்று சொல்லுங்கள். "அது எதுக்கு சார் நமக்கு?" என்று நழுவி விடுவார்!

எதுக்கு என்று கேட்டால், பெரியகுப்பத்துக்குப் போய் பார்க்க வேண்டும்.

புயலும் கடனும்

கடலூரை அடுத்த பெரியகுப்பத்தில் நாகார்ஜுனா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை கட்டி வந்தார்கள். ஆண்டுக்கு 60 லட்சம் டன் என்பது திட்டம். பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று சுற்று வட்டாரமே காத்திருந்தது.

2011 டிசம்பர் 30-ந்தேதி "தானே" புயல் அடித்தது. ஆலை பலத்த சேதம் அடைந்தது. வேலை நின்றது.

புயல் செய்தி வந்தது. அப்புறம் ஆலையில் இரும்பு திருடியவர்கள் பிடிபட்ட செய்தி திரும்பத் திரும்ப வந்தது. சரி, பாங்கிகள் கொடுத்த கடன் என்ன ஆச்சு?

2017-ல் விவகாரம் திவால் சட்டப்படி சென்னை கம்பெனி சட்ட தீர்ப்பாயத்துக்குப் போனது. 2018-ல் கம்பெனியைக் கலைக்க உத்தரவு ஆனது. பிறகு அது ஹால்டியா பெட்ரோகெமிக்கல்ஸ் கைக்கு மாறியது. தீர்ப்பாய உத்தரவுகள் ரகசியம் அல்ல. யாரும் பார்க்கலாம். பார்த்தால் புரிய வேண்டும், அதுதான் கஷ்டம்!

சிதம்பரத்தில்...

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியது. 2012-ல் அங்கே பணமுடை. சம்பளத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்றதும் ஊழியர்கள் போராட்டத்தில் குதித்தார்கள். 2013-ல் அரசு தன் கைக்கு எடுத்துக் கொண்டது.

பணமுடை ஒரே ராத்திரியில் வருவது இல்லை. வரவு-செலவை வருஷா வருஷம் புரட்டுகிறவருக்கு முன்னாலேயே வாடை அடிக்கும்.

எங்கே படிக்கலாம்?

அமெரிக்காவில் அரிசோனா மாநில பல்கலைக்கழகத்தில் "ரெய்னால்ட்ஸ் மையம்" இருக்கிறது. வர்த்தகச் செய்தி எழுதுகிறவர்களுக்கு என்றே 2003-ல் ஏற்பட்டது. பாலன்ஸ் ஷீட்டில் எந்த வரியை முதலில் பார்ப்பது என்பது போன்ற விஷயங்களை இண்டர்நெட் மூலம் காசு வாங்காமல் சொல்லித் தருகிறார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் "நைட் மையம்" நடத்தும் இண்டர்நெட் வகுப்புகளிலும் பல இலவசம்.

ஒரு சங்கடம். அரிசோனாவில் பகல் 12 மணி என்றால் இங்கே நள்ளிரவு 12.30! பதிவு செய்து வைத்த பாடம் என்றால் பொழுது விடிந்த பிறகு பார்த்துக் கொள்ளலாம். இன்னொரு சங்கடம் இங்கிலீஷ். நாளெல்லாம் அலைந்து விட்டு வரும் பகுதி நேர நிருபருக்கு இது லேசான காரியம் அல்ல. பத்திரிகை முதலாளிகள் வாரத்தில் ஒரு நாள் லீவு கொடுத்தால் குறைந்தா போவார்கள்?

நம்ம நாட்டிலும் உண்டு. பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் "செபி"யும், அதன் பயிற்சி நிலையமும் நடத்தும் முதலீட்டாளர் தேர்வுக்கு கட்டணம் இல்லை. நிருபர்களுக்காக வைத்தது அல்ல. ஆனாலும் பங்கு என்றால் என்ன, கடன் பத்திரம் என்றால் என்ன என்று அதில் தெளிவாகும்.

படித்ததைப் பழகிப் பார்க்க நெய்வேலி போதும். என்.எல்.சி. பங்கு மார்க்கெட்டில் உள்ள கம்பெனி. அதன் ஆண்டு அறிக்கை இண்டர்நெட்டில் சும்மாவே கிடைக்கிறது. லாபம் எவ்வளவு, கடன் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கிறது. நிலம் கொடுத்த விவசாயி கேட்கும் கேள்வியை கையில் வைத்துக்கொண்டு அதைப் படிக்க வேண்டும். அரிசோனா வாத்தியாருக்கு அந்தக் கேள்வி தெரியாது!

திறப்பு விழா

அதிக வட்டி தருவதாக டெபாசிட் வாங்கி ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்து விட்டது. இன்னமும் ஏமாறுகிறார்கள். மகள் கல்யாணத்துக்கு சேர்த்த பணம், பென்ஷன் பணம் எல்லாம் போகிறது.

புது பைனான்ஸ் கம்பெனி திறப்பு விழா என்று அழைப்பு வந்தால், குத்துவிளக்கு ஏற்றுகிறவரை போட்டோ எடுப்பதற்கு முன்னால் ரிசர்வ் பாங்கியின் "சசேத்" இணைய தளத்தைத் திறக்கலாம். டெபாசிட் வாங்க அந்தக் கம்பெனிக்கு அனுமதி உண்டா என்று அதில் பார்க்கலாம். அதற்குப் பயிற்சிகூட தேவை இல்லை. கையில் இருக்கும் செல்போனே போதும்.