விசிறி உடைவதன் மூலகாரணம்

1950-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கிய வோக்ஸ்வாகன் சிற்றுந்தின் பழைய எஞ்சினுக்கு ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் இல்லை. பெல்ட்டால் சுழலும் டைனமோவின் மறுமுனையில் பூட்டிய விசிறி தரும் காற்றே அதன் ஜீவாதாரம். அவ்விசிறி மீண்டும் மீண்டும் விரிசல் கண்டு உடையுமானால், காரணத்தை ஆராயாமல் புதியதொன்றை மாட்டுவது வீண் பிரயாசை. பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியதால் டைனமோவின் பேரிங் தேய்ந்திருப்பின், எஞ்சினைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் சுழலும் விசிறி ஓயாமல் அதிர்ந்து, உலோகம் சோர்ந்து பிளந்துவிடும். ஆதலால், அச்சைக் கையால் மேலும் கீழும் அசைத்து ஆட்டம் உண்டா என்று பரிசோதித்து, பிறை வடிவக் கீ தன் பள்ளத்தில் தளர்வின்றி அமர்ந்திருப்பதை நிச்சயித்துக்கொண்டு, விசிறி மூடியில் உரசாதபடி வாஷர்களால் சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி அமைத்து, பெரிய நட்டை உரிய விசையில் முடுக்க வேண்டும். சமநிலை பார்க்காத மலிவு விசிறியை, எவ்வளவு அவசரமாயினும், நான் சிபாரிசு செய்யேன்.